நெடுந்தூர ஓட்டத்துக்குத் தேகம் ஆயத்தமாகும் விதம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிரதேசத்தில், இந்து மகாசமுத்திரத்தின் கரையிலுள்ள டர்பன் நகரத்துக்கும், உள்நாட்டில் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் அமைந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்துக்கும் இடையே, வருஷத்தில் ஒரு தினம், ஆயிரக்கணக்கான மனிதர்கள் விடியுமுன் புறப்பட்டு, சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தை ஓடியே கடக்கிறார்கள். முதல் உலக யுத்தத்தில் மாண்ட தோழர்களின் ஞாபகார்த்தமாக, விக் கிளாப்பம் என்ற முன்னாள் சிப்பாய் விடாப்பிடியாக முயன்று 1921-ஆம் வருஷம் மே மாதம் 24-ஆம் தேதி தொடங்கிவைத்த 'காம்ரேட்ஸ் மாரதான்' என்னும் பந்தயம் அது. முதல் வருஷம் புறப்பட்டவர்கள் 34 பேர். போய்ச் சேர்ந்தவர்கள் 16 பேர். கடற்கரையிலிருந்து மேட்டை நோக்கி ஒரு வருஷமும், மேட்டிலிருந்து கடற்கரையை நோக்கி ஒரு வருஷமுமாகப் பெரும்பாலும் திசையை மாற்றி மாற்றி ஓடுவது வழக்கம். இக்காலத்து விதிப்படி கெடு 12 மணி நேரம். கெடு முடிகிற க்ஷணத்தில் ஓர் அதிகாரி, ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி எல்லைக் கோட்டில் நின்று துப்பாக்கியை வெடிக்கிறார். முகத்தைப் பார்த்துவிட்டால் மனம் இளகிவிடும் என்பதற்காகத்தானோ என்னவோ!

நம்மவர்களுக்கு அந்தப் பிரதேசம் புதியதன்று. 1860 நவம்பரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பலில் போய் டர்பனில் இறங்கிய ஒப்பந்தக் கூலிகளுள் தமிழர் அநேகர். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ஆனால் அவர்கள் ஊர்ச் சாலையில் நடந்த அந்தப் பந்தயத்தில், 1975 வரையில், வெள்ளையரல்லாதாருக்கும் பெண்களுக்கும் அதிகாரபூர்வமாக இடம் இருக்கவில்லை. நின்று வேடிக்கை பார்க்கலாம். பெயர் கொடுத்து ஓட முடியாது. அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அந்த அநியாயத்தைச் சொல்லாமல் பந்தயத்தின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

இந்தக் கட்டுரையின் விஷயம் பந்தய தினமன்று. அதற்கு முந்திய ஐந்தாறு மாதங்கள். பந்தயம் தென்கோளத்தின் குளிர்காலத்தில் வருவதால், ஓடுகிறவர்கள் ஜனவரியின் வெயிலிலேயே அப்பியாசத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் அநாயாசமாக ஓடக்கூடிய ஒருவருக்குக்கூட, தொண்ணூறு கிலோமீட்டருக்கு ஏன் ஐந்து மாதம் வேண்டும், ஐந்து வாரம் ஏன் போதாது என்று கேட்டால், 'தெம்பு ஏற வேண்டாமா?' என்று பதில் வரும். அந்தப் பதில் தவறானதன்று. ஆனால் ஒன்றையும் விளக்குவதில்லை. தேகத்தின் ஒவ்வோர் அங்கமும், தன்மேல் விழுந்த பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வெவ்வேறு கால அளவை எடுத்துக்கொள்கிறது: இரத்தத்துக்கு நாட்கள் போதும், தசைக்கு வாரங்கள் வேண்டும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். அப்பியாசத்தின் காலத்தை நிர்ணயிப்பது இவற்றுள் மிக மந்தமானது.

இதைச் சாஸ்திரம் விளக்குவதற்கு வெகு காலம் முன்பே அநுபவத்தால் கண்டுகொண்டவர் அர்தர் நியூட்டன். இங்கிலாந்தில் பிறந்து நேட்டாலில் விவசாயம் செய்துவந்த அவருக்கு, நிலம் சம்பந்தமாக அரசாங்கத்தோடு ஒரு மனஸ்தாபம். தம் குறையைப் பத்திரிகைகள் கவனிக்கவேண்டுமானால் தமக்கு ஒரு பிரசித்தி வேண்டும் என்று எண்ணியவர், 1922 ஜனவரி முதல் தேதி, 38-ஆம் வயதில், ஓடத் தொடங்கினார். ஆரம்பத்தில் சொற்ப தூரத்துக்கே கால்கள் விறைத்துப்போயின. ஐந்து மாதம்கூட நிறையாத நிலையில், அவ்வருஷத்துக் காம்ரேட்ஸ் பந்தயத்தில் அவரே முதலாவதாக வந்தார்; அதன்பின் 1923, 1924, 1925, 1927 ஆகிய வருஷங்களிலும் வென்றார். அக்காலத்துப் பந்தயக்காரர்கள் வேகமாகவும் கொஞ்சமாகவும் பழகிக்கொண்டிருக்க, அவர் மெதுவாகவும் மிக அதிகமாகவும், தினந்தோறும் மணிக்கணக்கில், மூச்சு வாங்காத நடையில் ஓடினார். அரசாங்கத்தோடு அவருக்கிருந்த வழக்கு அவர் விரும்பியபடி முடியவில்லை. ஆனால் அவர் பிடித்த முறை, நூறு வருஷம் கழித்தும் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் முறையாக இருந்துவருகிறது.

மெதுவாக ஓடிப் பழகுகிறவன் மெதுவாக ஓடத்தானே கற்றுக்கொள்வான் என்று தோன்றுவது இயல்பு. இதற்கு விடை, தேகம் எரிக்கும் எரிபொருளில் இருக்கிறது. சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, ஓடுகிறவருடைய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகிறது. வேகம் கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறுவதில்லை. அப்படியானால் 60 கிலோ எடையுள்ளவர் 90 கிலோமீட்டர் ஓடுவதற்கு 5,400 கிலோகலோரி வேண்டும். நாம் உண்ணும் சோறும் கிழங்கும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளாக மாறித் தசைகளில் நானூறு ஐந்நூறு கிராமும் ஈரலில் நூறு கிராம் அளவும் தங்குகின்றன. அது முழுவதும் எரிந்தாலும் கிடைப்பது 2,000 கிலோகலோரிக்குச் சற்று மேல். வேகமாக ஓடுகிறவருக்கு அது முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டரில் தீர்ந்துபோகிறது. மாரதான் ஓடுகிறவர்கள் 'சுவரில் மோதிவிட்டேன்' என்று சொல்வது அந்த இடத்தைத்தான். கொழுப்போ, ஒல்லியான தேகத்திலும் ஏழு கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். அதில் அடங்கிய சக்தி 50,000 கிலோகலோரிக்கு மேல். காம்ரேட்ஸ் தூரத்தை ஒன்பது முறை ஓடப் போதுமான சொத்தைச் சுமந்துகொண்டே மனிதன் நாற்பதாவது கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்துவிடுகிறான். குதிர் நிறைய நெல் இருந்தும் குத்துவதற்கு ஒரே ஓர் உரல் இருக்கிற வீட்டின் நிலைமை அது.

அந்த உரல்கள், தசை உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள். கொழுப்பைப் பிராணவாயுவோடு சேர்த்து எரிக்க வல்லவை அவைதாம். அப்பியாசத்தால் அவை பெருகுகின்றன என்பதை 1967-இல் ஜான் ஹாலோஸி என்ற அமெரிக்க விஞ்ஞானி நிரூபித்தார். எலிகளை ஓடும் பட்டையின்மேல் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம், மூன்று மாதம், படிப்படியாக நேரத்தைக் கூட்டி ஓடவைத்துப் பார்த்தபோது, அவற்றின் தசைகளில் மைட்டோகாண்டிரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. பழகாத எலிகள் அரைமணி நேரத்தில் களைத்து விழுந்த வேகத்தில், பழகிய எலிகள் மூன்று மணி நேரம் ஓடின. மைட்டோகாண்டிரியா பெருகுவதோடு, தசை நார்களைச் சுற்றியுள்ள மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களும் பெருகுகின்றன. பிராணவாயு வந்து சேரும் வழிகள் அதிகமாகின்றன. இவ்விரண்டு மாறுதல்களுக்கும் தசை நெடுநேரம் உழைத்துக்கொண்டிருக்க வேண்டும். நெடுநேரம் உழைக்க வேண்டுமானால் மெதுவாகத்தான் ஓட வேண்டும். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் எதுவோ, அதுவே தகுந்த வேகம். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி, நான்கு மணி நேரம் அப்படி ஓடுவது எங்கும் வழக்கமாயிருப்பதன் காரணம் இது.

கிளைக்கோஜனின் கையிருப்பையும் கூட்டிக்கொள்ள வழி உண்டு. அதைக் காட்டிய பரிசோதனை, சரீர சாஸ்திர சரித்திரத்திலேயே ரஸமான ஒன்று. 1966-இல் ஸ்வீடன் தேசத்தில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரண்டு வைத்தியர்கள், நிறுத்திவைத்த ஒரே சைக்கிளுக்கு இருபுறமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள். மிதித்த கால் இனி முடியாது என்று ஓயும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் மாவுப்பொருள் மிகுந்த ஆகாரத்தையே உண்டு, தங்கள் தொடைகளில் பருமனான ஓர் ஊசியைச் செலுத்தி, தினம் ஒரு துளி தசையை எடுத்துச் சோதித்தார்கள். சும்மா இருந்த காலில் கிளைக்கோஜன் அதிகம் மாறவில்லை. உழைத்து வற்றிய காலிலோ, பழைய அளவுக்கு மீண்டதோடு நில்லாமல், மற்றக் காலில் இருந்ததைப்போல் இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஒரே மனிதன், ஒரே ஆகாரம், ஒரே இரத்தம். ஆயினும் உழைத்த காலுக்கே பலன். அப்பியாசத்தின் பலன் ஓடும்போது உண்டாவதில்லை, ஓடி முடித்து உண்டு உறங்கும்போதே உண்டாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இரத்தமும் இருதயமும் சுறுசுறுப்பான மாணவர்கள். வெயிலில் ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே இரத்தத்தின் திரவ பாகம் அதிகரிக்கிறது. பத்துப் பதினைந்து நாளில் வியர்வை சீக்கிரமாகவும் தாராளமாகவும் பெருகி, அதில் உப்பு குறைந்து, தேகம் உஷ்ணத்துக்குப் பழகிவிடுகிறது. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னைவிட அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. ஆகவே துடிப்பின் எண்ணிக்கை குறைகிறது. ஹென்ஷென் என்ற ஸ்வீடன் வைத்தியர், பனிச்சறுக்குப் பந்தயக்காரர்களின் மார்பை விரலால் தட்டிக் கேட்டே அவர்களுடைய இருதயம் பெருத்திருப்பதை 1899-இல் கண்டு சொன்னார். ஆறு வாரத்தில் எந்த மனிதனும் இந்த நன்மைகளை உணரலாம். படியேறினால் மூச்சு வாங்குவதில்லை. பழைய தூரம் விளையாட்டாகத் தோன்றுகிறது. இரட்டித்து ஓடினால் என்ன என்று உற்சாகம் பிறக்கிறது.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்த உற்சாகத்துக்கு இருதயம் சம்மதிக்கிறது, நுரையீரல் சம்மதிக்கிறது. எலும்பை யாரும் கேட்கவில்லை. எலும்பு என்பது செத்த கட்டையன்று. பாரம் கூடும்போது தன்னை இடித்துக் கட்டிக்கொள்ளும் ஜீவனுள்ள வஸ்து. ஆனால் இடிக்கிற வேலை முதலில் நடக்கிறது. ஒருவகை உயிரணுக்கள் நுண்ணிய விரிசல் கண்ட பாகங்களை இரண்டு மூன்று வாரத்தில் அரித்துக் குழியாக்குகின்றன. வேறுவகை உயிரணுக்கள் அந்தக் குழியில் புது எலும்பை நிரப்ப மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகிறது. ஆகவே அப்பியாசம் தொடங்கிய இரண்டாம் மாதத்தில், ஓடுகிறவர் தம்மை என்றுமில்லாத பலசாலி என்று எண்ணியிருக்கும் அதே சமயத்தில், அவருடைய முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு, தொடங்கிய நாளில் இருந்ததைவிடச் சிறிது பலவீனமாக இருக்கக்கூடும். 1855-இல் ப்ரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ வைத்தியர், நெடும் அணிநடை சென்ற சிப்பாய்களின் பாதங்கள் அடிபடாமலே வீங்கி வலிப்பதைக் கண்டு எழுதிவைத்தார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, அந்தப் பாதங்களின் எலும்பில் மெல்லிய முறிவு ஓடியிருந்தது தெரியவந்தது. இன்று ஓட்டக்காரர்களைப் படுக்கவைக்கும் உபாதைகளுள் அதுவும் முக்கியமான ஒன்று.

தசைநாண்களின் மந்தகதி இதைவிட அதிசயமானது. 1955 முதல் 1963 வரையில் வல்லரசுகள் வெளியில் வெடித்த அணுகுண்டுகளால் ஆகாயத்தில் ஒருவகைக் கதிரியக்கக் கரி மிகுந்து, பயிர்கள் வழியாக அக்காலத்து மனிதர் அனைவருடைய தேகத்திலும் சேர்ந்தது. குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாணில் அந்தக் கரி எவ்வளவு இருக்கிறது என்று டென்மார்க் விஞ்ஞானிகள் அளந்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள்: அந்த நாணின் உட்பாகம் ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவாகி, அதன்பின் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஐம்பது வயதில் ஓடப் புறப்படுகிறவர், பள்ளிக்கூடப் பருவத்து நாணை நம்பித்தான் புறப்படுகிறார். பழக்கத்தால் அது சிறிது விறைப்பாகிறது, மேற்புறம் சிறிது தடிக்கிறது. அவ்வளவே, அதுவும் மாதக்கணக்கில்.

எனவே தூரத்தை மெல்ல மெல்லக் கூட்டுவது விவேகம். வாரத்துக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் கூட்டலாகாது என்று ஓட்டக்காரர்களிடையே ஒரு விதி வேதவாக்காக வழங்குகிறது. ஹாலந்து தேசத்து க்ரோனிங்கன் நகரில், புதிதாக ஓட வந்தவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை அந்த விதிப்படியும் மற்றதைச் சாதாரண முறைப்படியும் பழக்கிப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, இரு கூட்டத்திலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம் உண்டாயிற்று. பத்து என்ற எண்ணுக்கு மகத்துவம் எதுவும் இல்லை. மூன்று வாரம் கூட்டி நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளும் பழைய வழக்கம், எலும்பு நிரம்புவதற்கு அவகாசம் தருவதால், எனக்கு அதைவிடப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

காம்ரேட்ஸ் சாலையில் கௌவிஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய குன்றுகள் உண்டு. புதியவர்கள் ஏற்றத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். அநுபவசாலிகள் பயப்படுவது இறக்கத்துக்கு. கடற்கரையை நோக்கி ஓடும் வருஷத்தில், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஓய்ந்த கால்களோடு, ஃபீல்ட்ஸ் குன்றின் செங்குத்தான சரிவில் சுமார் மூன்று கிலோமீட்டர் இறங்கவேண்டியிருக்கிறது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உழைக்கிறது. இறங்கும்போதோ, சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. ஒவ்வோர் அடியிலும் விழப்போகும் தேகத்தை அது தடுத்து நிறுத்த வேண்டும். அந்த இழுபறியில் தசை நாரின் நுண்ணிய அமைப்புகள் கிழிகின்றன. மறுநாள் மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வைக்கும் வலிக்குக் காரணம், பலர் சொல்வதுபோல் லாக்டிக் அமிலமன்று; அது ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து போய்விடுகிறது. கிழிசலால் வரும் வலி இது என்று தியோடர் ஹஃப் என்பவர் 1902-லேயே சொல்லியிருந்தார். இதில் ஓர் அநுகூலம்: ஒருமுறை சரிவில் இறங்கிக் கிழிபட்ட தசை, ஆறியபின், பல வாரங்களுக்கு அதேபோன்ற இறக்கத்தால் முன்போல் சேதமடைவதில்லை. ஆகவே பந்தயத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பிருந்தே, அளவோடு, சரிவுகளில் ஓடிப் பார்த்துவிடுவது நல்லது. சமதரையிலேயே பழகிவிட்டு நேரே அந்தக் குன்றுக்குப் போகிறவர், கடைசி இருபது கிலோமீட்டரை நடந்துதான் தீர்க்க நேரும்.

வயிறும் பழக வேண்டிய அங்கமே. குடல் ஒரு மணி நேரத்தில் உள்வாங்கக்கூடிய குளுக்கோஸ் சுமார் 60 கிராம்; பழச் சர்க்கரையையும் கலந்து உட்கொண்டால் அது வேறு வழியாக ஏறுவதால், 90 கிராம் வரையில் போகலாம். ஆனால் இரத்தம் முழுவதும் கால்களுக்குப் பாய்ந்துகொண்டிருக்கும்போது, பழகாத வயிறு எதையும் ஏற்காமல் திருப்பியனுப்பிவிடும். நீண்ட ஓட்டங்களின்போதே, பந்தயத்தில் எதை உண்ணப்போகிறோமோ அதையே உண்டு பழகுவது அவசியம். காம்ரேட்ஸ் சாலையோரத்தில் உப்பிட்ட உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் கொடுக்கிறார்கள். நியூட்டன் தம் காலத்தில் எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையும் உப்பும் கலந்து குடித்துவந்தார்.

தண்ணீர் விஷயத்தில் முன்பு ஒரு விபரீதமான உபதேசம் பரவியிருந்தது: தாகம் எடுக்கும்வரை காத்திராமல், முடிந்தமட்டும் குடித்துக்கொண்டே ஓட வேண்டும் என்பது. 1981-இல் காம்ரேட்ஸ் ஓடிய ஒரு பெண்மணி, அப்படி மிதமிஞ்சிக் குடித்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், வழியிலேயே நினைவு தடுமாறி வீழ்ந்தார். தென்னாப்பிரிக்க வைத்தியரான டிம் நோக்ஸும் அவருடைய சகாக்களும் அத்தகைய நான்கு பேரின் நிலையை ஆராய்ந்து, அது வறட்சியால் வந்த கேடன்று, தண்ணீர் மிகுதியால் வந்த கேடு என்று 1985-இல் எழுதினார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் முடிவு.

இனி, கடைசி மூன்று வாரம். இதுவரை செய்த உழைப்பெல்லாம் களைப்பாகவும் தேகத்தில் தங்கியிருக்கிறது. களைப்பு வடிய வேண்டும், பலன் நிற்க வேண்டும். பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கணக்கின்படி, பந்தயத்துக்கு முந்திய இரண்டு வாரம், வேகத்தைக் குறைக்காமல் தூரத்தை மட்டும் ஏறக்குறைய பாதியாகக் குறைப்பது மிகுந்த பலன் தருகிறது. கேட்பதற்கு எளிது, செய்வதற்குத்தான் மனம் வருவதில்லை. ஐந்து மாதம் ஓடிப் பழகியவருக்குச் சும்மா இருப்பது ஒரு தண்டனை. தெம்பு கரைந்துகொண்டே போகிறது என்ற பிரமை பிடித்து, கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு நாற்பது கிலோமீட்டர் ஓடி மனத்தைச் சமாதானம் செய்துகொள்கிறவர்கள் உண்டு. அந்த ஓட்டத்தால் உண்டாகும் மைட்டோகாண்டிரியா பந்தயத்துக்கு வந்து சேராது. அதனால் உண்டாகும் கிழிசல் தவறாமல் வந்து சேரும். 1981 முதல் 1988 வரை எட்டு வருஷம் தொடர்ந்தும், பிறகு 1990-இலும், ஆக ஒன்பது முறை காம்ரேட்ஸ் பந்தயத்தை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ், அப்பியாசம் மிகுந்து ஓய்ந்த கால்களோடு வருவதைவிடச் சற்றுக் குறைவாகப் பழகிப் புத்துணர்ச்சியோடு வருவதே மேல் என்று ஓயாமல் சொல்லிவந்தவர்.

இதைப் படித்துவிட்டு ஒரு நெடுந்தூரப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தசையில் பரவலாக இருந்து இரண்டு மூன்று நாளில் தானே தணிகிற வலியைப் பற்றிக் கவலை வேண்டாம். கணுக்காலுக்கு மேலோ, பாதத்திலோ, எலும்பின்மேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரே விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலித்து, ஓடும்போது அதிகமாகி, ஒரு வாரமாகியும் போகாமல் இருந்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் அந்த முறிவு தெரியாமலும் போகலாம். படம் சரியாயிருக்கிறது என்பதற்காக மீண்டும் ஓடத் தொடங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் ஓடாமல் இருந்தால் அது கூடிவிடும். பந்தயம் அடுத்த வருஷமும் நடக்கும்.